டிங் அண்ணனும் இடது கைத் துப்பாக்கியும்

எங்கள் கடையின் முன்பக்கத்தில் பந்து, இறகுப்பந்து மட்டை, தூண்டில், நீச்சல் கண்ணாடி எல்லாம் விற்கும். நடுவில் ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் இரும்புக் கதவு போட்ட ஓர் அறை. அதுதான் துப்பாக்கி பழுது பார்க்கும் பட்டறை. நான் இருபத்திரண்டு வருஷமாக முன்பக்கத்தில் நின்று பில் போடுகிறேன். பின்பக்கத்துக்கு ஒரே ஆள். எனக்கும் ஒன்பது வருஷம் முன்பே வந்தவர். அவரை டிங் அண்ணன் என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் தெரியும்.

பெயர் வந்த கதை சின்னது. இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடித்திருப்பவை மேலும் கீழும் ஓடும் இரண்டு மெல்லிய பட்டைகள். ஈயப் பற்று வைத்து அவற்றை ஒட்டியிருப்பார்கள். பற்று எங்காவது விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் குழல்களை மட்டும் தனியாகக் கழற்றி, கம்பியில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். பற்று நன்றாக இருந்தால் 'டிங்' என்று மணி போல ஒலிக்கும், அந்த ஒலி கொஞ்ச நேரம் காற்றிலேயே நிற்கும். விட்டுப்போயிருந்தால் 'டொக்', அவ்வளவுதான். "டிங்குன்னா வெச்சுக்கோங்க, டொக்குன்னா ஆணியில மாட்டி அழகு பாருங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வார். ஒரு காலத்தில் அப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர்தான்.

அண்ணி இருந்தவரை மத்தியானம் அவரே சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வருவார். இருவரும் பட்டறைக்குள் உட்கார்ந்து சாப்பிடும்போது சுவர் தாண்டி எங்களுக்குச் சிரிப்புச் சத்தம் வரும். மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது உதவிக்கென்று அவன் இருக்கும் ஊருக்குப் போன அண்ணி, அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மூன்று நாள் காய்ச்சல். அதற்கப்புறம் ஆறு வருஷம் டிங் அண்ணன் தனியாகத்தான் இருந்தார். கடைக்கு அடுத்த சந்தில் மாடியில் ஒற்றை அறை. காலையில் ஒன்பதுக்கு இரும்புக் கதவைத் திறப்பார், ஆறு மணிக்குப் பூட்டுவார்.

முன்பெல்லாம் பதினோரு மணிக்கு டீ வந்தால் முன்பக்கம் வந்து எங்களோடு நின்று குடிப்பார். கொஞ்சம் கொஞ்சமாக அது நின்றது. "இப்போ யாரு வாயைத் தொறந்து பேசுறாங்க? எல்லாம் வாய்க்குள்ளயே முணுமுணுன்னு" என்று ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். பிறகு எது கேட்டாலும் "சரி" என்று தலையாட்ட ஆரம்பித்தார். டீ வேண்டுமா, சரி. நாளைக்கு லீவா, சரி. உடம்பு எப்படி இருக்கு, சரி. நம்மோடு பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். "மனுஷன் துக்கத்துல இருக்காரு, விட்டுடுங்க" என்றார் முதலாளி. விட்டுவிட்டோம். டீயைக் கதவுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அம்மா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வார்த்தையையும் முழுசாக, மடித்து அடுக்கினது போலப் பேசுவார். போர்வையில் சுற்றிய ஒரு நீளப் பொட்டலத்தையும் லைசென்ஸ் காகிதங்களையும் என் மேசைமேல் வைத்தார்.

"இது என் அண்ணனோடது. ஏலத்துல எடுத்தான். ரிட்டயர் ஆனதும் இதைச் சரி பண்ணணும்னு பதினாறு வருஷம் சொல்லிட்டே இருந்தான். ரிட்டயர் ஆன நாலாம் மாசம் போயிட்டான். லைசென்ஸ் என் பேருக்கு மாறி வர்ற வரைக்கும் இது போலீஸ் ஸ்டேஷன் அறையில கெடந்துச்சு. இப்பத்தான் கையில குடுத்தாங்க."

அண்ணனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கையும் செய்துகொள்ளவில்லை. ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். இப்போது தங்கை மட்டும்.

அவரைப் பட்டறைக்குள் அழைத்துப்போனேன். போர்வையைப் பிரித்தபோது டிங் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப நாள் கழித்து அதில் ஓர் அசைவு. இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி, நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. குழல் முழுக்கச் செம்மண் அப்பியது போலத் துரு. தோளில் அணைக்கும் மரக்கட்டை, கைபிடிக்கிற கழுத்தில் விரிசல் விட்டு, யாரோ செப்புக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். பக்கத் தகட்டில் செய்தவர் பெயர் பொறித்த இடம் தேய்ந்துபோய் 'அண்ட் சன்ஸ்' மட்டும் படிக்க முடிந்தது.

"அப்பன் பேரு போச்சு. பசங்க மட்டும் மிச்சம்" என்றார் டிங் அண்ணன். ஆறு வருஷத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கை.

பிறகு கட்டையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பின்னாலிருந்து பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "உங்க அண்ணன் இடது கைப் பழக்கமா?"

"எப்படித் தெரியும்?" என்றார் அந்த அம்மா.

"சாதாரணமா கட்டை நேரா இருக்காது. வலது தோள்ல வெச்சா கண்ணு குழலுக்கு நேரா வர்ற மாதிரி லேசா ஒருபக்கம் வளைஞ்சிருக்கும். இது மறுபக்கம் வளைஞ்சிருக்கு. எவனோ ஒரு இடது கைக்காரனுக்கு அளவெடுத்துச் செஞ்சிருக்காங்க. உங்க அண்ணன் தோள்ல வெச்சுப் பாத்திருப்பார். தனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்திருக்கும். அதான் விடல."

"ஸ்கூல்ல அவன் இடது கையில எழுதினா அடிப்பாங்க" என்றார் அந்த அம்மா. "சட்டை பட்டனிலேருந்து கத்தரிக்கோல் வரைக்கும் அவனுக்கு எதுவுமே சரியா அமைஞ்சதில்ல." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சொன்னார். டிங் அண்ணன், "சரிங்கம்மா" என்றார்.

அந்த அம்மா திரும்பி அவரை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். "எனக்குச் சுடத் தெரியாது, சுடவும் போறதில்ல. ஆனா அவன் நெனச்ச மாதிரி அது இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு மாசம் அந்த வேலை நடந்தது. விரிசலில் பசை ஏற்றி, உள்ளே தெரியாமல் மரமுளை அடித்து இறுக்கினார். கட்டைக்கு உள்ளங்கையாலேயே எண்ணெய் தேய்த்தார். ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, காய்ந்ததும் மறுநாள் இன்னொன்று. ஒரு மாசம் கழித்துப் பார்த்தேன், வால்நட் மரத்தின் வரிகள் கண்ணாடிக்கு அடியில் இருப்பது போல எழும்பியிருந்தன. குழலில் இருந்த துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு அதற்கே வேண்டுமென்று துருவை வரவழைத்தார். "இதென்னண்ணே, எடுத்த துருவைத் திரும்ப வெக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பதில் வந்தது. "புது துப்பாக்கிக்குச் சூடான ரசாயனத் தொட்டியில முக்கிக் கருப்பேத்துவாங்க. இதை முக்கினா ஈயப் பற்று கரைஞ்சிடும். அதனால மருந்து தடவி, ஈரப் பொட்டியில வெச்சு, மெல்லிசா துரு பிடிக்க விட்டு, கொதிக்கிற தண்ணியில போட்டு, பிரஷ் போடணும். எட்டுத் தடவை." எட்டாம் தடவை முடிந்தபோது குழலின்மேல் தண்ணீர் அலை போன்ற வளையங்கள் தெரிந்தன. இரும்பையும் எஃகையும் முறுக்கித் தட்டிச் செய்த குழல் அது. சுரண்டியெடுத்த துருவுக்கு அடியில் இப்படி ஒரு கோலம் இருந்ததை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "இதுல இப்போ வர்ற தோட்டா போட்டா தாங்காது. பாத்து வெச்சுக்கலாம்" என்றார்.

கடைசியாக, குழலைக் கம்பியில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்திருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் முகம் செத்திருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. மறுநாளும் தட்டினார். அடுத்த வாரம் முதலாளியிடம் போய், "பற்று விட்டிருக்கு, பட்டையைக் கழட்டி மறுபடி ஒட்டணும், இன்னும் ரெண்டு மாசம் ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்தார், அது எனக்குப் பிறகுதான் தெரியும். குழலைச் சூடேற்றிப் பட்டைகளைக் கழற்றினார். பழைய ஈயத்தைச் சுரண்டி, புதிதாகப் பற்று வைத்தார். அந்தச் சூட்டில் எட்டுத் தடவை ஏற்றிய நிறம் திட்டுத்திட்டாகப் போனது. அதையும் சுரண்டி எடுத்துவிட்டு முதல் தடவையிலிருந்து தொடங்கினார். இருமல் வந்தது, கை விரல்களில் வெடிப்பு வந்தது. டீ ஸ்டூலிலேயே ஆறிக் கிடந்தது.

இரண்டு மாசம் கழித்து ஒருநாள் காலையில் அவரே முன்பக்கம் வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார்.

"அந்த எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு போன் போட்டு வரச் சொல்லும்மா. என்னால முடியல. முப்பத்தொரு வருஷத்துல இப்படி ஆனதில்ல. எடுத்துட்டுப் போகச் சொல்லு."

போன் செய்தேன். மத்தியானமே வந்துவிட்டார். மூவரும் பட்டறைக்குள் நின்றோம். துப்பாக்கியின் கட்டை பளபளவென்று மேசைமேல் பச்சைத் துணியில் கிடந்தது. குழல் கம்பியில் தொங்கியது.

"மேலுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா உள்ள செத்துப்போச்சு. உங்களுக்குத் தெரியாம குடுக்க எனக்கு மனசு வரல. நீங்களே கேளுங்க." விரலை மடக்கித் தட்டினார்.

டிங்.

அறை முழுக்க நிறைந்தது. மேசையிலிருந்த திருப்புளிகள்கூட லேசாக நடுங்கினது போல எனக்குத் தோன்றியது. ஒலி அப்படியே நீண்டு நின்றுகொண்டிருக்க, அது அடங்குவதற்கு முன்னாலேயே டிங் அண்ணன் சொன்னார்: "பாத்தீங்களா? டொக்குனு."

நானும் அந்த அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மா பதறவில்லை. மெதுவாகத் திரும்பி அவருக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, சாதாரணக் குரலில், "உங்களுக்குப் பசங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். டிங் அண்ணன் குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மறுபடி கேட்டார். அப்போதும் அவர் கண் குழலில்தான் இருந்தது.

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "நான் இப்போ உங்களை ரெண்டு தடவை ஒரு கேள்வி கேட்டேன்."

"இல்லியே."

"முப்பத்து நாலு வருஷம் லைன்ல ஆளுங்க பேசுறதைக் கேட்டவ நான். காது கேக்காதவங்க சொல்ற 'சரி' எனக்கு நல்லாத் தெரியும். முதல் நாளே தெரிஞ்சுது. உங்களுக்கே தெரியும்னு நெனச்சுச் சும்மா இருந்துட்டேன்." அவர் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "குழல்ல ஒரு கொறையும் இல்ல. அருமையா ஒலிக்குது."

டிங் அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். அவர் இன்னொரு தடவை தட்டினார். காதைக் குழலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தட்டினார். பிறகு உள்ளங்கையைக் குழல்மேல் வைத்துக்கொண்டு தட்டினார். இரும்பு அதிர்வது கைக்குத் தெரிந்திருக்கும். ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். அதன்மேல் நான் வைத்திருந்த டீ கவிழ்ந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

யோசித்தால் புரிகிறது. பழுது பார்த்த ஒவ்வொரு துப்பாக்கியையும் ஊருக்கு வெளியே பயிற்சி மைதானத்தில் அவரே சுட்டுப் பார்ப்பார். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது பயந்தாங்கொள்ளி வேலை என்பார். காது ஒரே நாளில் போகாது, மெல்லிய சத்தத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும். கடைசி நாலைந்து வருஷமாகப் பட்டறைக்கு வந்தவையெல்லாம் ஒற்றைக்குழலும் காற்றுத் துப்பாக்கியும்தான், தட்டிப் பார்க்க வேண்டிய வேலையே வரவில்லை. தன்னிடமிருந்து என்ன போனது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லாமல் போயிற்று. உலகம்தான் முணுமுணுக்கிறது என்று இருந்துவிட்டார்.

பிறகு என்னிடம் கேட்டார். "நான் பட்டையைக் கழட்டுறதுக்கு முன்ன தட்டினேனே, அப்போ உனக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சாம்மா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "கேட்டுச்சுண்ணே."

"டிங்குனா?"

"ஆமாண்ணே. தெனமும் கேட்டுச்சு. நீங்க ஏதோ வேலையா தட்டிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கவே இல்லியேண்ணே" என்றேன். வாயைவிட்டு வந்த பிறகுதான் அந்த வார்த்தை உறுத்தியது. அவர் கோபப்படவில்லை. மேசைமேல் கிடந்த ஈயப் பொடியை விரலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தார். நன்றாக இருந்த ஒன்றைப் பிரித்து, இரண்டு மாசம் தன்னந்தனியாக உட்கார்ந்து, நன்றாக இருந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்திருந்தார்.

எக்ஸ்சேஞ்ச் அம்மா அன்றைக்கே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். போகும்முன் டிங் அண்ணன் குழலையும் கட்டையையும் பூட்டி, அந்த அம்மாவின் இடது தோளில் வைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அது பொருந்தவில்லை, நீளம் அதிகம். ஆனாலும் கன்னத்தைக் கட்டைமேல் வைத்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். "எண்ணெய் வாசனை நல்லா இருக்கு" என்றார். அவர் வீட்டில் இப்போது அது இரும்பு அலமாரிக்குள் பூட்டியிருக்கிறது. துடைக்கிற நாளன்று மட்டும் வெளியே எடுத்துப் பார்ப்பாராம்.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். இரண்டு காதுக்கும் மிஷின் வைத்தார்கள். வெளியே வந்து தெருவில் நின்றவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எல்லாம் தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு" என்றார். ஒரு வாரம் கழித்து இன்னொன்று சொன்னார். ரூமில் பிரிட்ஜ் இப்படி உறுமும் என்று தெரியாதாம். அதை நிறுத்தினால் வேறு எதுவுமே இல்லையாம், அதனால் உறுமட்டும் என்று விட்டுவிட்டாராம்.

மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வான். ஒரு நிமிஷம்கூட நீடிக்காது. "நல்லா இருக்கேன், சரி, சரி, வைக்கட்டுமா" என்று முடித்துவிடுவாராம். மிஷின் வைத்த பிறகு முதல் தடவை முழுசாகப் பேசியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அவன் என்ன கேட்டான் தெரியுமா? 'அம்மா எங்க வீட்டுக்கு வந்த இடத்துல இறந்துபோனதுக்கு எங்க மேல கோவம்தானே, அதனாலதானே எங்கிட்ட பேச மாட்டேங்கிறீங்க'ன்னான். ஆறு வருஷமா அப்படியே நெனச்சுட்டு இருந்திருக்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காது கேக்கலடான்னேன். அவன் நம்பல. ரெண்டு தடவை சொன்னேன். அப்புறம் அழுதான். என்னமோ நானும் தான்."

மகன் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போனான். பட்டறையைப் பூட்டி முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். நல்லபடியாக முடிந்தது என்றும் சொல்லிக்கொண்டோம்.

மூன்றாம் மாசம் திரும்பி வந்துவிட்டார். ஒரு காலையில் ஒன்பது மணிக்கு இரும்புக் கதவு திறக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், மேசையோர வைஸின் இரும்புத் தாடைக்குள் ஏதோ பூட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணே, அங்க ஏதாவது பிரச்சினையா?"

"ஒரு பிரச்சினையும் இல்லம்மா. மருமக நல்லா பாத்துக்கிச்சு. பேத்தியும் நல்ல புள்ள. எல்லாரும் பேசுறது நல்லாத்தான் கேட்டுச்சு." வைஸை ஒரு சுற்று இறுக்கினார். "அவங்க அவங்களுக்குள்ள பேசிக்கிறாங்க. நடுவுல ஆறு வருஷம் இருக்குல்ல. அவங்க சிரிக்கிற விஷயம் எனக்குத் தெரியல. எனக்காக ஒவ்வொண்ணா நிறுத்தி விளக்கிச் சொல்றாங்க, பாவம். சொல்லி முடிக்கிறதுக்குள்ள சிரிப்பு போயிடுது."

ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் இப்போது அரைமணி நேரம் போகிறதாம். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் பேத்தி சொல்கிறாளாம்.

இப்போது பதினோரு மணிக்கு டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு நான் வருவதில்லை. என்னுடையதையும் எடுத்துக்கொண்டு போய் உள்ளே உட்காருகிறேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், மிஷின் வைத்திருந்தாலும் அதுதான் வசதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் அவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, உன் வீட்டுல யார் யாரு இருக்கீங்க? நான் கேட்டதே இல்லியே."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, நிதானமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். வீட்டில் அதிகம் பேர் இல்லை, சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டார். நான் இரண்டு டம்ளரையும் கழுவ எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தேன்.